மிகச் சிறப்பு

கோமதிநாயகத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. பக்கத்துத் தெருவில் யாராவது காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாடினால்கூட, சோற்றில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு விஷயத்தைக் கேட்காமலே இருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை.

அவர் திருநெல்வேலியில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியர். தலை பாதி நரைத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு அவர்தான் செயலாளர். பள்ளிக்கூட வாத்தியார்கள், வீட்டில் ட்யூஷன் எடுப்பவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் கூடுகிற மாநாடு அவர் ஆரம்பித்து வைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாம் சொல்லிக்கொடுக்கிறோம், நமக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார். லீவு போட்டு, மண்டபம் பேசி, ஒவ்வொரு வித்வான் வீட்டுக்கும் நேரில் போய் அழைத்து, எல்லாம் அவரே. வீட்டில் அவர் மனைவி அந்த மாநாட்டை "உங்க மூத்த புள்ள" என்று கேலி செய்வாள். அவருக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

மாநாட்டின் உயிர்நாடி பாட்டுப் பட்டறை. வெளியூரிலிருந்து பெரிய வித்வான் ஒருவர் வருவார். மேடையில் உட்கார்ந்து புதுக் கீர்த்தனை ஒன்றை வரி வரியாகப் பாடுவார். கீழே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் திருப்பிப் பாடுவார்கள். ஊருக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

முதல் வருஷம் மண்டபம் கொள்ளவில்லை. இரண்டாம் வருஷம் பின்வரிசையெல்லாம் காலி. மூன்றாம் வருஷம், அதாவது போன மாதம், சமையல்காரர் பாதிச் சாம்பாரை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் வரவில்லை? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோமதிநாயகம் கேட்காமல் இல்லை. முதல் வருஷமே கருத்துத் தாள் கொடுத்து, "மனசில் பட்டதை எழுதுங்கள்" என்றார். எல்லாரும் "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெயர் போட்டால் யார்தான் குறை சொல்வார்கள் என்று அடுத்த வருஷம் பெயர் இல்லாத தாள், மூடி போட்ட பெட்டி. திறந்து பார்த்தால் அத்தனையும் "மிகச் சிறப்பு". ஒரே ஒரு தாளில் மட்டும் காபியில் சர்க்கரை தூக்கல் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு உண்மையாவது கிடைத்ததே. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம் என்று பயப்படுகிறார்களோ என்று இந்த வருஷம் போனிலேயே பதில் அனுப்பச் சொன்னார். வந்த பதிலெல்லாம் ஐந்து நட்சத்திரம். சிலர் கூடவே கும்பிடுகிற கையும் போட்டிருந்தார்கள்.

அவராகக் கண்டுபிடித்த குறை ஒன்று உண்டு. பட்டறையில் ஆசிரியர்கள் திருப்பிப் பாடும்போது சத்தம் ஒல்லியாக வந்தது. அத்தனை பேர் பாடினால் கூரை அதிர வேண்டாமா? மைக் சரியில்லை என்று முடிவுகட்டி, வருஷத்துக்கு ஒரு மைக்செட்காரரை மாற்றினார். மூன்று பேரோடும் சண்டை போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை செயற்குழுக் கூட்டம். அடுத்த வருஷம் மாநாடு உண்டா இல்லையா என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும். பொருளாளர் ஆவுடையப்பன் போனிலேயே சொல்லிவிட்டார்.

"சிறப்பு சிறப்புன்னு எழுதிட்டுப் போறவன் ஏன்யா திரும்பி வர மாட்டேங்கான்? எனக்கு ஒண்ணும் விளங்கல. நீரே ஒரு முடிவைச் சொல்லிரும்."

கோமதிநாயகம் முடிவு செய்துவிட்டார். யாரும் சொல்வதற்கு முன்னால் தானே எழுந்து, மாநாடு இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவது. நன்றி கெட்ட உலகம், வேறென்ன? ஆனாலும் ஆசை விடவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையில் தென்காசிக்கு பஸ் ஏறினார்.

அங்கே செண்பகவடிவு என்று ஒரு பாட்டு டீச்சர். பெண்கள் பள்ளியில் வேலை. முதல் இரண்டு வருஷமும் மாநாட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவள். இந்த வருஷம் ஆளைக் காணோம்.

"வாங்க சார், வாங்க! என்ன இம்புட்டுத் தூரம்?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த வருஷம் நீங்க வரலியே. ஏதும் குறை வச்சிட்டோமோன்னு நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அய்யய்யோ, குறையா! என்ன சார் இப்படிக் கேக்கீங்க? சாப்பாடு என்ன, உபசரிப்பு என்ன! நீங்க போட்ட சொதி இன்னும் நாக்குலயே நிக்கி."

"பட்டறை எப்படி இருந்துச்சு?"

"அந்த வித்வான் பாட்டைக் கேக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்."

"அந்தக் கீர்த்தனையப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

செண்பகவடிவு காபி டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "எனக்கே இன்னும் படியல சார். படிஞ்ச பெறவுதான குடுக்கணும்."

"சரிம்மா. இந்த வருஷம் ஏன் வரல?"

"தொண்டைதான் சார். போன வருஷம் வந்துட்டுப் போயி ஒரு வாரம் தொண்டை கட்டிக்கிட்டு. வகுப்பெடுக்க முடியாமத் திண்டாடிட்டேன். மண்டபத்து ஏ.சி. ஒத்துக்கிடல போல."

"ஏ.சி.யா?"

"அப்படித்தான் இருக்கும் சார். அடுத்த வருஷம் கட்டாயம் வாரேன்."

கோமதிநாயகம் பஸ்ஸில் வரும்போது, ஏ.சி.யைக் குறைக்கணும் என்று மனசில் குறித்துக்கொண்டார். பஸ் கடையம் தாண்டுவதற்குள் அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. ஏ.சி.க்காகவா பாதி ஆட்கள் வராமல் போவார்கள்? யாரிடம் கதை விடுகிறாள் இந்த அம்மா? அம்பாசமுத்திரத்தில் இறங்கினார்.

அம்பாசமுத்திரத்தில்தான் அவருடைய குரு இருந்தார். பர்வதவர்த்தினி டீச்சர். வயசு என்று பார்த்தால் அவரைவிடப் பத்துதான் கூட. இருபது வயசில் டீச்சர் முன்னால் உட்கார்ந்தவர், இப்போதும் மாசத்துக்கு ஒரு முறையாவது வந்து ஒரு பாட்டாவது பாடிக் காட்டிவிட்டுத்தான் போவார். டீச்சர் அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

போனபோது டீச்சர் வீட்டில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்கார அம்மா ஒருவர் வர்ணம் பாடி முடித்து எழுந்தார். அடுத்து நெட்டையாக ஒரு இளைஞன் வந்து உட்கார்ந்தான். டீச்சர் அவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தானாகப் போய்ச் சுருதிப் பெட்டியின் திருகைத் திருகியது. அந்த அம்மாவுக்காக ஐந்தரைக் கட்டையில் நின்ற சுருதி, பையனுக்காக ஒன்றரைக்கு இறங்கியது. பையன் பாட ஆரம்பித்தான். எந்தக் குரலுக்கு எது என்று டீச்சருக்கு அத்துப்படி.

அவனும் போன பிறகு கோமதிநாயகம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார். தாளில் கேட்டது, பெட்டியில் கேட்டது, போனில் கேட்டது, தென்காசிக்குப் போய்க் கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். போனை எடுத்து நட்சத்திரங்களைக் காட்டினார். டீச்சர் வாங்கிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லிருக்காங்க?"

"எல்லாரும்தான் டீச்சர்."

"நானும் மொத வருஷம் எழுதிக் குடுத்தேன்லா?"

"நீங்களும் மிகச் சிறப்புன்னுதான் எழுதிருந்தீங்க."

"ஆமா."

"அதான் டீச்சர் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இவங்க எல்லாம் யாரு? பாட்டு வாத்தியாருங்க. பிள்ளைக ஒரு சுரம் ஒதுங்கினா விடுவாங்களா? பாதியில நிறுத்தி, காதைத் திருகி, திரும்பப் பாட வைப்பாங்க. குறை கண்டுபிடிச்சே சம்பளம் வாங்குத ஆளுக. எனக்குன்னு வந்தா மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்காங்க."

டீச்சர் சுருதிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நானே எழுந்திருச்சு, மாநாடு வேண்டாம்னு சொல்லிரப் போறேன். பெத்த பிள்ளையக் கையால தூக்கிப் போடுத மாதிரி இருக்கு டீச்சர். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு தெரியணும். எப்படிக் கேட்டா இவங்க உண்மையச் சொல்லுவாங்க?"

"கல்யாணியில ஒரு கீர்த்தனை புதுசாப் பாடம் பண்ணிருக்கேன்" என்றார் டீச்சர். "சொல்லித் தாரேன். பாடு."

"இப்பவா? நான் கேட்டது..."

"மொதல்ல பாடு. நான் ஒரு வரி பாடுதேன். நீ திருப்பிப் பாடு. உன் பட்டறையில செய்வீங்கள்லா, அந்த மாதிரி."

குரு சொன்ன பிறகு என்ன பேச்சு? கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சர் சுருதிப் பெட்டியின் திருகைத் திருகினார். இளைஞன் பாடிவிட்டுப் போன ஒன்றரையிலிருந்து மேலே ஏற்றி, தன் ஐந்தரைக் கட்டையில் நிறுத்தினார்.

கோமதிநாயகம் காத்திருந்தார். அவருடைய சுருதி ஒரு கட்டை. இத்தனை வருஷத்தில் அவர் பாட உட்கார்ந்தால் டீச்சர் அதைத் தவிர வேறு வைத்ததே கிடையாது. மறந்துவிட்டார் போலிருக்கிறது, இப்போது ஞாபகம் வந்து இறக்கிவிடுவார் என்று பெட்டியைப் பார்த்தார். டீச்சர் இறக்கவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.

சொல்லலாமா? எப்படிச் சொல்வது? குரு சுருதி வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார், எனக்கு ஒத்துவராது, மாற்றுங்கள் என்று குறுக்கே கையை நீட்டுவதா? கோமதிநாயகம் திருப்பிப் பாடினார்.

பல்லவி எப்படியோ போய்விட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, அவ்வளவுதான். அனுபல்லவியில் பாட்டு மேலே ஏறியது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டபோது குரல் இரண்டாகப் பிளந்தது. அதற்கு மேல் ரிஷபம், அதற்கும் மேல் காந்தாரம். காந்தாரத்தில் வெறும் கீச்சுச் சத்தம்தான் வந்தது. பதறிப்போய்க் கீழ் ஸ்தாயியில் பாடிப் பார்த்தார். அங்கே வரி கீழே இறங்கும்போது குரல் கிணற்றுக்குள் விழுந்தது, காற்றுதான் வந்தது. மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. நாற்பத்தேழு வயசு வாத்தியார் குரு முன்னால் முதல் பாடப் பிள்ளை மாதிரி விழித்தார்.

டீச்சர் நிறுத்தவில்லை. கண்ணை மூடித் தாளம் போட்டபடி அடுத்த வரிக்குப் போனார். பாட்டு அருமையான பாட்டு. ஆனால் கோமதிநாயகத்தின் காதில் அது ஏறவே இல்லை. எப்போது முடியும் என்பதுதான் அவர் நினைப்பெல்லாம். சரணம் முடிந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்பப் பிரமாதம் டீச்சர்."

"குறை ஏதும்?"

"உங்க பாட்டுல குறையா! என்ன டீச்சர் கேக்கீங்க?"

"சரி. அந்த அனுபல்லவியத் தனியாப் பாடு, கேப்போம்."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"படியல டீச்சர்."

"ஏன்? நீதான் கூடவே பாடினியே."

"பாதி வரைக்கும் பாடினேன்."

"பெறவு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாய மட்டும் அசைச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பாடிக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி டீச்சர் சொல்ல?"

"நான் நிறுத்தின பெறவும் கேட்டேனே."

டீச்சர் பெட்டியை அணைத்தார்.

"பட்டறையில சுருதி என்ன வைப்பீங்க?"

"வித்வானோட சுருதிதான் டீச்சர். ஒரு கட்டை."

"மூணு வருஷமும்?"

"மூணு பேருமே ஆம்பளைங்க. ஒண்ணு, ஒண்ணரை... அதுக்குள்ளதான்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

"உனக்கு?"

"ஒண்ணு."

"கீழ உக்காந்து திருப்பிப் பாடினது யாரு?"

அவர் மண்டபத்தை நினைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகப் புடவைகள். பத்துப் பேருக்கு எட்டுப் பேர் பெண்கள், ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள். மேடை ஓரத்தில் நின்று அவர் தொண்டை திறந்து பாடியிருக்கிறார். அவருக்கு என்ன, அவருடைய சுருதி. கீழே எல்லா வாயும் அசைந்தது. அதை வீடியோவெல்லாம் எடுத்து, அரங்கமே சேர்ந்து பாடியது என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். சத்தம் ஒல்லியாக வந்ததற்கு மைக்செட்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். தென்காசியில் அந்த அம்மா தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லியும்கூட, ஏ.சி.யைக் குறைக்கணும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஆண்பிள்ளைகள் பள்ளியிலேயே காலம் தள்ளியவர் அவர். வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்ட பெண்பிள்ளைகளுக்கு மட்டும் மறக்காமல் சுருதியை மாற்றி வைத்திருக்கிறார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகள் இல்லையே, ஆசிரியர்கள் ஆயிற்றே. அவர்களுக்குப் போய் யாராவது சுருதி பார்ப்பார்களா என்று இருந்துவிட்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய்க் கோபம் வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்கக் கூடாது. மத்தவங்களை விடுங்க. அவங்க எனக்குப் பயப்படலாம், வித்வானுக்குப் பயப்படலாம். நீங்க யாருக்குப் பயப்படணும்? மூணு வருஷமும் மொத வரிசையில எனக்கு நேரா உக்காந்திருந்தீங்க. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிருக்கலாம்லா? நான் நாளைக்கு மாநாட்டையே இழுத்து மூட இருந்தேன்."

டீச்சர் கோபப்படவில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

"பட்டறை நடக்கும்போது நீ யாரைப் பாத்துக்கிட்டு நின்ன?"

"உங்களைத்தான் டீச்சர். மூணு வருஷமும் உங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். என் குருவே உக்காந்து கூடச் சேர்ந்து பாடுதாங்களேன்னு அம்புட்டு சந்தோஷம் எனக்கு."

"நான் பாடல கோமதி" என்றார் டீச்சர். "நானும் வாய மட்டுந்தான் அசைச்சேன்."